பூஜ்ஜியம் நம்பர் டோக்கன்

7

கம்பானா சந்தில் ஒரு நாயைத் தவிர வேறு யாரும் குடியில்லை.

எனெய்டா வரோனா மூன்றாவது கதவைத் தட்டியபோது அந்த நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. இவளுக்கு விஷயம் புரிய இன்னும் நேரமாகும் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடியும் மூடிக்கொண்டது.

"தட்டு தலைவி, நல்லாத் தட்டு," என்றான் ஒஸ்னியேல். தன் சைக்கிள் டாக்ஸியின் கூரை நிழலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். "இந்த வீட்டுக்காரன் பிரேசில்ல இருக்கான். பக்கத்து வீடு மயாமி. எதிர்வீட்டுக் குடும்பம் இன்னும் மெக்ஸிகோவுல பாதி வழியில நிக்குது. கொஞ்சம் பலமாத் தட்டினா எல்லாருக்கும் கேக்கும்."

"வாயை மூடுறியா?"

"நான் மூடினா இந்தச் சந்துல பேச நாய்தான் மிச்சம்."

எனெய்டா பூட்டைப் பிடித்து ஆட்டினாள். துரு உள்ளங்கையில் ஒட்டியது. இன்னொரு வழியும் அடைபட்டது.

ஒரு காலத்தில் அவள் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவள். மூட்டை குறையும்போதெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். அவளுடைய சந்தேகப்படும் பழக்கத்தைத்தான் மூட முடியவில்லை. இப்போது கமாகுவெய் நகரத்தில் எது தொலைந்தாலும் ஜனங்கள் போலீசுக்குப் போவதற்கு முன் எனெய்டாவிடம் வருகிறார்கள். கோழி தொலைந்தால் வருவார்கள். சைக்கிள் தொலைந்தால் வருவார்கள். ஒருமுறை ஒருத்தி புருஷனைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை தொலைந்தது ஒரு பெண்ணின் நல்ல பெயர். அந்தப் பெண் ஒஸ்னியேலின் தங்கை டைலின்.

டைலின் வேலை பார்ப்பது கேஸ் டிப்போவில். லாரி வருவதற்கு முன்னால் தெருவாரியாக டோக்கன் அச்சடித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை, பல வாரங்களுக்குப் பிறகு லாரி வந்தது. வந்ததும்தான் கூத்து. ஒரே தெரு, ஒரே எண், இரண்டு பேர் கையில். ஒன்றல்ல, வரிசையில் பல இடங்களில் இதே கதை. கொய்யாப்பழ இனிப்பு செய்து விற்கும் ஹோவிதாவும் முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரனும் ஒரே எண்ணை நீட்டிக்கொண்டு ஒருவர் முடியை ஒருவர் பிடித்தார்கள். சண்டை தீர்வதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. உண்மையான டோக்கன் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். எனெய்டாவும் அவர்களில் ஒருத்தி. அன்றிலிருந்து கரியடுப்புதான். அவள் கூந்தலிலிருந்து சட்டைவரை புகை நாற்றம்.

"அச்சடிச்சவ அவ. மெஷின் அவ கையில. வித்தவளும் அவதான்," என்று டிப்போ மேனேஜர் எலிகியோ ஊரறியச் சொல்லிவிட்டான். இன்று கடை மூடுவதற்குள் டைலின் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புகார் போலீசுக்குப் போகும். கேஸ் விஷயத்தில் இந்த ஊர் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. நேரே சிறைதான்.

மூன்று நாளாக ஒஸ்னியேல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவன் அப்படித்தான். எனெய்டாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவன் இன்னும் அடிவாங்காமல் இருந்தான்.

அவள் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை மறுபடியும் எடுத்தாள். டிப்போவின் பின்முற்றத்தில் கிடந்ததாக ஹோவிதா கொண்டுவந்து கொடுத்தது. அதே காகிதம், அதே எழுத்து, அதே மை. "கம்பானா சந்து" என்று தெருவின் பெயர். அதன் கீழே எண்.

பூஜ்ஜியம்.

"பூஜ்ஜியம் நம்பர் டோக்கன் வச்சு வரிசையில நின்னவனை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

"அப்படி ஒரு நம்பர் இருக்குன்னு என் மாமியார்கிட்ட சொல்லாதே தலைவி. அதுதான் எனக்குப் பொருத்தமான நம்பர்னு சொல்வா."

"வண்டியை எடு. டிப்போவுக்கு."

"முதல்ல நாய்கிட்ட சொல்லிட்டு வா. சொல்லாமப் போனா மரியாதையா இருக்காது."

*

டிப்போ வாசலில் வழக்கம்போல் பெண்கள். இந்த ஊரில் யாரும் வரிசையாக நிற்பதில்லை. வந்ததும் "கடைசி யாரு?" என்று கத்த வேண்டும். ஒரு கை உயரும். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு எந்த நிழலில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இன்று லாரி வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். வராது என்றும் யாரும் சொல்லவில்லையே.

உள்ளே எலிகியோ, இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜைக்குப் பின்னால் இருந்தான். மேஜைமேல் மரக்கட்டையில் அடித்த நீள ஆணி. டோக்கன் வாங்கியதும் கண்ணாடி வழியாகப் பார்த்து, அதில் குத்துவான். பிறகுதான் முழு சிலிண்டர் வெளியே வரும். ஆணியில் எத்தனை காகிதமோ அத்தனை சிலிண்டர் போயிருக்க வேண்டும். மாகாண ஆபீஸ் ஆட்கள் வந்து எண்ணி எடுத்துப்போகும்வரை அதில் ஒன்று குறையவும் கூடாது, கூடவும் கூடாது. செவ்வாய்க்கிழமைக் காகிதங்கள் இன்னும் அதில்தான் இருந்தன, கொழுத்த கோழி மாதிரி.

"வாங்க தோழர் எனெய்டா," என்றான் எலிகியோ. அவன் 'தோழர்' என்று சொன்னால் 'வெளியே போ' என்று அர்த்தம். "இன்னும் சாமர்த்தியம் தீரலையா?"

"கரண்ட் இருக்கில்ல? உங்க மெஷின் வேலை செய்யறதை ஒருதடவை பார்க்கணும்."

"பாருங்க. பார்க்கிறதுக்கு டோக்கன் வேண்டாம்."

மூலையில் டைலின் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பெங்குவின் படம் ஒட்டிய பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் அவள் மூன்றே எழுத்து தட்டினாள்: எஸ், இ, க்யூ. பக்கத்தில் ஒன்று, பிறகு ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றன.

"இது என்ன செய்யும்?"

"எண்ணும் அக்கா. வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு. எங்கேர்ந்து, எதுவரைக்கும்னு சொன்னா வரிசையா எண்ணிக் கொடுக்கும். ஒவ்வொரு தெருவுலயும் எத்தனை குடும்பம்னு ஐயா சொல்வார். ஒண்ணுலேர்ந்து அந்த எண்வரைக்கும் எண்ணச் சொல்லி வச்சிருக்கேன். அச்சாகும். நான் கத்தரிச்சுக் கொடுப்பேன்."

"கம்பானா சந்துல எத்தனை குடும்பம்?"

டைலின் எலிகியோவைப் பார்த்தாள். அவனே பதில் சொன்னான்: "பூஜ்ஜியம். போன வருஷத்துலேர்ந்தே பூஜ்ஜியம். என் கையால போட்டது. அங்கே ஒரு ஈ காக்கா கிடையாது."

"யாருமே இல்லேன்னா அந்தத் தெருவையே எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுக்க நமக்கு அதிகாரமில்ல தோழர். ஜனங்கதான் போனாங்க. தெரு இருக்கில்ல?"

எனெய்டா திரையைப் பார்த்தாள். "சரி. ஒண்ணுலேர்ந்து பூஜ்ஜியம்வரைக்கும் எண்ணச் சொல்லு."

டைலினின் விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. ஒரு எண்கூட இல்லை. சின்ன வெள்ளைக் கட்டம் மட்டும் மின்னி மின்னி நின்றது.

"என்ன, கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. ஒண்ணுலயே பூஜ்ஜியத்தைத் தாண்டியாச்சே. எண்ண ஒண்ணுமில்ல. அதான் சும்மா இருக்கு."

எனெய்டா ஒஸ்னியேல் பக்கம் திரும்பினாள். "பார்த்தியா? பேச ஒண்ணுமில்லேன்னா பேசாம இருக்கு. உன் தங்கச்சி மெஷினுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல."

"அதுக்கு வாய் இல்ல தலைவி. இருந்தா தெரியும்."

எலிகியோ மேஜையிலிருந்து சிரித்தான். "அப்போ மெஷின் அடிக்கல. அவதான் கையால ஏதோ விளையாடியிருக்கா. நான் சொன்னதைத்தான் நீங்க சுத்தி வந்து சொல்றீங்க."

எனெய்டா அந்த டோக்கனை அவன் மூக்குக்கு முன் நீட்டினாள். "கள்ள டோக்கன் அடிக்கிறவன் மூணு போடுவான். ஏழு போடுவான். பூஜ்ஜியம் போடுவானா? இதைக் கொண்டுவந்தா உங்க ஆணி குத்துமா?"

"குத்தாது."

"அப்போ எதுக்கு அடிக்கணும்?"

"அதை அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க," என்றான் எலிகியோ. கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டான். "கடை மூடுறதுக்குள்ள."

*

எதிர்க்கடையில் கரும்புச்சாறு இருந்தது, ஐஸ் இல்லை. எனெய்டா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்த வேகத்தில் பாதி கீழே கொட்டியது.

"மனுஷன் அடிக்கமாட்டான். மெஷின் அடிக்காது. ரெண்டு பக்கமும் கதவு சாத்திடுச்சு. அப்போ இந்தக் காகிதம் எங்கேர்ந்துடா வந்தது? வானத்துலேர்ந்தா?"

"கம்பானா சந்துலேர்ந்து. ஆவிங்களுக்கும் சமைக்கணுமில்ல?"

"இன்னொரு வார்த்தை பேசினே, உன் வண்டியிலேயே உன்னைக் கட்டிப்போட்டு நான் ஓட்டுவேன்."

ஒஸ்னியேல் தன் டம்ளரில் பாதியைக் குடித்தான். பிறகு தானாகவே தொடங்கினான். "எங்க பாஸ்குவால் மாமாவுக்கும் அந்த மெஷினுக்கும் ஒரு நாள்கூட ஆகாது தலைவி. முடியாததைச் சொன்னா மெஷின் சும்மா இருக்கு. மாமா இருப்பாரா? பாலத்தைத் தாண்டி வந்த ஆள் அவர்கிட்ட பாலம் எங்கேன்னு கேட்டா, 'தாண்டிட்டே'ன்னு சொல்லமாட்டார். கையைப் பிடிச்சுப் பின்னாலேயே கூட்டிட்டுப் போவார். ஒண்ணுலேர்ந்து பூஜ்ஜியம்வரைக்கும் எண்ணுங்க மாமான்னா, 'அதுக்கென்ன? ஒண்ணு, பூஜ்ஜியம், முடிஞ்சுது'ன்னு இறங்கி வந்துடுவார்."

எனெய்டாவின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"எதை? மாமாவையா?"

"எண்ணினதை."

"ஒண்ணு. பூஜ்ஜியம். இறங்கி வர்றதும் எண்ணுறதுதானே தலைவி?"

அவள் எழுந்து தெருவைக் கடந்தாள். சாற்றுக்குக் காசு கொடுக்காமல் போகிறாளே என்று கடைக்காரன் கத்தியது அவள் காதில் விழவில்லை. ஒஸ்னியேல் காதில்தான் விழுந்தது.

ஜன்னல் வழியாகவே கேட்டாள், மெதுவாக: "டைலின், இதே மூணெழுத்து, வேற ஏதாவது மெஷின்ல இறங்கி எண்ணுமா? சும்மா இருக்காம?"

டைலின் கையில் இருந்த கத்தரிக்கோல் நின்றது.

"ஆப்பிள் மெஷின்ல... அப்படின்னு கேள்விப்பட்டிருக்கேன் அக்கா."

"இந்த ஊர்ல அது யார்கிட்ட இருக்கு?"

"எனக்குத் தெரியாது."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் கண் தரையில் இருந்தது. பயம் என்று எனெய்டா நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஒஸ்னியேல், வாயில் கரும்புச்சாற்று நுரையோடு. "ரிஸேல்! பதினஞ்சாவது பிறந்தநாள் போட்டோ எடுப்பானே, அந்த ரிஸேல். அவன் அத்தை மயாமிலேர்ந்து அனுப்பின லேப்டாப். அந்த வெள்ளி மூடியைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் அவன் காபி குடிப்பான், நாலு பேரு பார்க்கணும்னு."

*

ரிஸேலின் ஸ்டூடியோவில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் ஸ்டூலின்மேல் நின்றுகொண்டிருந்தாள். கவுன் அறையை அடைத்திருந்தது. அம்மாக்காரி அட்டையால் விசிறிக்கொண்டே, "சிரிடி, உன் அப்பன் ரெண்டு பன்னியை வித்துக் கட்டின காசு, சிரி," என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். கவுனைச் சுற்றி வர வழியில்லாமல் எனெய்டா சுவரோடு சுவராக நகர்ந்தாள். ஒஸ்னியேல் குனிந்து, கவுனுக்கு அடியில் போகலாமா என்று யோசிப்பதுபோல் நின்றான். அம்மாக்காரி அட்டையைத் திருப்பிப் பிடித்தாள். அவனும் சுவர்ப்பக்கம் போனான்.

"நான் வேலையா இருக்கேன்," என்றான் ரிஸேல்.

"நானும்தான். உன் மெஷின்ல ஒரே ஒரு வரி தட்டணும்."

"முடியாது."

"ஏன்?"

"என் மெஷின். என் இஷ்டம்."

"மூணு நாளா எல்லாரும் என்கிட்ட முடியாது, தெரியாது, இல்லைன்னுதான் சொல்றாங்க," என்றாள் எனெய்டா. அவள் குரல் உயரவில்லை, அதுதான் மோசம். "பூட்டு, நாய், மேனேஜர், இப்போ நீ. நான் இப்போ அந்த மஞ்சள் கவுன்மேல உட்காரப் போறேன். உட்கார்ந்தா எழுந்திருக்கமாட்டேன்."

"ஐயையோ, கொடுத்துத் தொலைடா!" என்று அம்மாக்காரி அலறினாள்.

ரிஸேல் வெள்ளி மூடியைத் திறந்தான். கறுப்புத் திரையை எப்படி வரவழைப்பது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. எனெய்டா அதைக் கவனித்தாள். மூன்று எழுத்து, ஒன்று, பூஜ்ஜியம். தட்டினாள்.

1
0

பாஸ்குவால் மாமா சொன்ன மாதிரியே, இறங்கி வந்து நின்றது.

ஒஸ்னியேல் இரண்டு கையையும் தூக்கினான். "மாட்டினான்! தலைவி, என் மாமாவுக்கு ஒரு மாலை போடணும். டேய் ரிஸேல், என் தங்கச்சி தலையில போட்ட பழியை எடுத்து இப்போ உன் தலையில வை. யாருக்குடா வித்தே டோக்கனை?"

ரிஸேல் அவனைப் பார்க்கவில்லை. கேமராவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றி, மறுபடியும் திருகினான்.

"நான் எதையும் விக்கல. அச்சடிச்சுக் கொடுத்தேன், உண்மைதான். லாரிக்கு முந்தின நாள் பகலெல்லாம் கரண்ட் இல்ல. என்கிட்ட பேட்டரி இருக்கு. காகிதத்தையும் மெமரி ஸ்டிக்கையும் கொண்டுவந்தாங்க. பாவமா இருந்தது, அடிச்சுக் கொடுத்தேன்."

"யாரு கொண்டுவந்தா?"

"வேண்டாம் ஒஸ்னியேல்."

"யாருடா?"

"உன் தங்கச்சிதான்."

ஸ்டூலின்மேல் நின்ற பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. இருந்தாலும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

*

திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும்தான். ஒரு ஜோக் வராதா என்று எனெய்டாவுக்கு இருந்தது. தன் வாழ்நாளில் அவள் அப்படி ஏங்குவாள் என்று நினைத்ததில்லை.

டிப்போவின் பின்முற்றத்தில், காலி சிலிண்டர்களுக்கு நடுவே டைலினைப் பிடித்தார்கள். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆபீஸ் ஸ்டிக்கை வெளியே கொண்டுபோனா வேலை போயிடும் அக்கா. அது சட்டம். ஆனா அன்னிக்குக் கரண்ட் எப்போ வரும்னு தெரியல, மறுநாள் லாரி. ரிஸேல்கிட்ட போனேன். கொண்டுவந்து ஐயாகிட்ட கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துட்டு, இதுல கம்பானாவுக்கெல்லாம் நம்பர் விழுந்திருக்கு, பூஜ்ஜியம் வேற இருக்கு, இது செல்லாதுன்னார். கரண்ட் வந்ததும் நம்ம மெஷின்ல புதுசா அடி, இதை நான் எரிச்சுடறேன்னார். ஸ்டிக் விஷயத்தை ரெண்டு பேரும் மறந்துடுவோம், உன் நல்லதுக்குத்தான்னார். புதுசா அடிச்சதைத்தான் நான் தெருத்தெருவா கொடுத்தேன்."

"எரிச்சதைப் பார்த்தியா?"

"இல்ல."

"மூணு நாள்!" என்றாள் எனெய்டா. பக்கத்திலிருந்த காலி சிலிண்டரை ஓர் உதை விட்டாள். அது டங்கென்று சத்தமிட்டது, கால்தான் வலித்தது. "மூணு நாளா பூட்டின வீட்டையெல்லாம் தட்டிட்டிருந்தேன். இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, ஸ்டிக்கை எடுத்துட்டுப் போனவதான் வித்திருப்பான்னு அவர் சொல்வாரே. யாரு என்னை நம்புவா?"

"நான்," என்றான் ஒஸ்னியேல். அவ்வளவுதான் சொன்னான். டைலின் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனெய்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த டோக்கன் கட்டை எரித்துவிட்டேன் என்பான் எலிகியோ. இல்லை என்பாள் டைலின். இஸ்திரி போட்ட சட்டை ஒரு பக்கம், திருட்டுத்தனமாக ஸ்டிக் எடுத்துப்போன பெண் இன்னொரு பக்கம். இவ்வளவு தூரம் துரத்தி வந்த தடயம் கடைசியில் டைலினைத்தான் சுட்டிக்காட்டுகிறது. ஆப்பிள் மெஷின் அடித்தது பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம் இப்போது எனெய்டாவின் பையில். அதற்குமேல்...

அவள் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

அந்த மெஷின் பூஜ்ஜியத்தை மட்டும் அடிக்கவில்லை. ஒன்று, பூஜ்ஜியம். இரண்டு டோக்கன். பூஜ்ஜியம் எதற்கும் உதவாது; அதனால் இந்த முற்றத்தில் எறிந்துவிட்டார்கள். கம்பானா சந்து, நம்பர் ஒன்று? அதைவிட நல்ல டோக்கன் இந்த ஊரிலேயே கிடையாது. அந்தத் தெருவில் ஆளே இல்லை. அதே எண்ணோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதை எந்த முட்டாளாவது எறிவானா?

"டைலின், கண்ணைத் துடை," என்றாள். "உன் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வா."

*

எலிகியோ கடையை மூடத் தயாராக இருந்தான். மேஜைமேல் புகார்க் காகிதம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. செய்தி எப்படியோ பரவி, ஜன்னலெல்லாம் பெண்கள் முகம். முன்னால் ஹோவிதா, கையில் மாவு காயாமல்.

"ஒப்புக்கொள்ள வந்தாளா?" என்றான் எலிகியோ.

"வந்தா. ஆபீஸ் ஸ்டிக்கை வெளியே கொண்டுபோனேன்னு ஒப்புக்கொள்ள வந்தா. அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க."

ஜன்னலில் ஒரு முனகல். எலிகியோ தலையை ஆட்டி, வருத்தப்படுகிறவன் மாதிரி பெருமூச்சு விட்டான். "நான் மறைக்கப் பார்த்தேன் தோழர். அவளே சொல்லிட்டா. அப்புறம் என்ன?"

"அப்புறம் ரெண்டு சின்னக் கேள்வி. டோக்கனை நீங்க பார்த்துத்தானே ஆணியில குத்துவீங்க?"

"ஒவ்வொண்ணையும். கண்ணாடி போட்டு."

"வேற யாராவது குத்துவாங்களா?"

"என் மேஜையில என்னைத் தவிர யாரு கை வைப்பா?"

"கம்பானா சந்துல குடியிருக்கிறது?"

"எத்தனை தடவை சொல்றது? ஈ காக்கா இல்லேன்னு. என் கையால போட்ட பூஜ்ஜியம்."

"சந்தோஷம். அந்த ஆணியைக் கொடுங்க."

எலிகியோவின் கை ஆணியின்மேல் போய் உட்கார்ந்தது. வேகமாக உட்கார்ந்ததில் குத்திக்கொண்டான். "ஆ!" என்று கையை உதறுவதற்குள் ஹோவிதா உள்ளே வந்து ஆணியைக் கட்டையோடு தூக்கிவிட்டாள்.

"மாகாண ஆபீஸ் சொத்து அது! ஒண்ணு குறைஞ்சாலும்..."

"ஒண்ணும் குறையாது," என்றாள் எனெய்டா. "குறைக்க முடிஞ்சிருந்தா நீங்களே குறைச்சிருப்பீங்க. சிலிண்டர் கணக்கு உதைக்குமே. ஹோவிதா, மேலேர்ந்து படிங்க."

ஹோவிதா ஒவ்வொன்றாகக் கழற்றி உரக்கப் படித்தாள். தெருவும் எண்ணும், தெருவும் எண்ணும். ஒரே எண் இரண்டாவது முறை வரும்போதெல்லாம் ஜன்னலில் ஒரு வசவு. கட்டு மெலிந்துகொண்டே வந்தது. எனெய்டா மீதிக் காகிதங்களைக் கண்ணாலேயே எண்ணினாள். இல்லாமல் போய்விட்டால்? இந்த மூன்று நாளில் எது இருந்தது, இது இருக்க?

கட்டையோடு ஒட்டிக்கிடந்த கடைசிக் காகிதத்தை ஹோவிதா பிய்த்து எடுத்தாள். படிக்காமல் பார்த்தாள்.

"கம்பானா சந்து," என்றாள். "ஒண்ணு."

அடியில் இருந்தது. அப்படியென்றால் அன்றைக்கு முதல் சிலிண்டர்.

"ஈ காக்கா இல்லாத தெருவுலேர்ந்து யாரு வந்தா தோழர்?" என்று கேட்டாள் எனெய்டா. "கண்ணாடி போட்டுப் பார்த்துக் குத்தினீங்களே. எரிச்சுடறேன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொன்ன கட்டுலேர்ந்து இது மட்டும் எப்படி நடந்து வந்து உங்க ஆணியில ஏறிச்சு?"

"கூட்டத்துல... நெரிசல்ல... கவனிக்கல..."

"முதல் ஆளுக்கு என்ன நெரிசல்?"

ஜன்னலிலிருந்து ஒரு குரல், பல்லில்லாத குரல்: "முதல் சிலிண்டரைத் தூக்கினது இவன் மச்சான்தான்! நான் பார்த்தேன். வந்தான், நேரா உள்ளே போனான். கடைசி யாருன்னு கேக்கவே இல்ல அந்தப் பயல்!"

அதுதான் எலிகியோவைக் கொன்றது. டோக்கன் திருட்டைக்கூட அந்தப் பெண்கள் ஒருவேளை மன்னித்திருப்பார்கள். கடைசி யார் என்று கேட்காமல் உள்ளே போனவனை இந்த ஊர் மன்னித்ததாகச் சரித்திரமே இல்லை. ஜன்னல் கம்பிகள் ஆடின.

எனெய்டா புகார்க் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். "பேனா இருக்கு. புகார் இருக்கு. பேரை மட்டும் மாத்துங்க. அழகா எழுதுங்க, போலீஸ்காரங்க படிக்கணும்."

*

டைலினுக்கு ஸ்டிக் விஷயத்துக்காக ஒரு மாதம் வேலை கிடையாது என்று மாகாண ஆபீசிலிருந்து போனில் சொன்னார்கள். சிறை இல்லை. அவள் வாசல்படியில் உட்கார்ந்து, ஹோவிதா கொடுத்த இனிப்பைக் கடித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள். இந்தத் தடவை சத்தமாக.

"லாரி எப்போ வரும்?" என்று எனெய்டா போனில் கேட்டாள். "தெரியாது" என்றார்கள். போனை வைத்தாள். இன்றைக்கும் கரியடுப்புதான். பருப்பு வேக எத்தனை நேரமாகுமோ. மூன்று நாள் நாயாய் அலைந்து உண்மையைக் கண்டுபிடித்தால், உண்மையை ஏற்றி அடுப்பு எரிக்க முடியவில்லை.

வெளியே வந்தாள். பெண்கள் அவரவர் நிழலுக்குத் திரும்பியிருந்தார்கள்.

"கடைசி யாரு?" என்று கத்தினாள், இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து.

வேப்பமரத்தடியில் ஹோவிதாவின் மாவுக் கை உயர்ந்தது.

"ஏன் தலைவி போய்க் கடைசியைத் தேடுறே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஸ்டூடியோவை விட்டதிலிருந்து கேட்காத, பழைய குரல். ஒஸ்னியேல் சைக்கிள் மணியை ஒரு தட்டு தட்டினான். "உன் பையில ஒரு பூஜ்ஜியம் இருக்கே. அதை எடுத்துக் காட்டு. ஒண்ணுக்கு முன்னாடி போய் நின்னுக்கலாம்."